அப்பா அடுக்கிய மருந்துப் பெட்டி

காலை பதினொன்று பத்துக்கு அக்கா ஓடையில் விழுந்தாள். நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று ஒன்பது, இன்னும் அரை மணியில் உச்சிக்குப் போய்விடலாம் என்று அறிவித்திருந்தார். பிறகு கல்லுக்குக் கல் தாவி ஓடையைக் கடந்தார். அவருக்குப் பின்னால் அக்கா தாவினாள். மூன்றாவது கல்லில் பாசி இருந்தது. அவளுடைய இடது கால் இரண்டு கற்களுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் சாய்ந்தது. மாமா திரும்பி வந்து காலை வெளியே எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குச் சதை திறந்திருந்தது. முதலில் வெள்ளையாகத்தான் தெரிந்தது. இரத்தம் வர ஒரு கணம் பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. எனக்குப் பதினொன்று. எங்களோடு வந்திருந்தவர்கள் அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் மட்டும். அப்பாவின் தோளில் தொங்கிய பையில் மருந்துப் பெட்டி இருந்தது. அதனால் நான் அதிகம் பயப்படவில்லை. நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. நான் பயப்படவே இல்லை.

போன வாரம் என் மகளின் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாணவிகளை இரண்டு நாள் மலை நடைக்கு அழைத்துப் போகிறார்களாம். ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டிய முதலுதவிப் பொருட்கள் என்று கீழே பதினான்கு வரிகள். மலைத்தொடரின் பெயரைப் படித்ததும் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன். அதே மலைதான். மறுநாள் கண்டியில் மூன்று பாமசி ஏறி இறங்கி, பதினான்கு பொருளையும் இரண்டிரண்டாக வாங்கி வந்தேன். மகள் சிரித்தாள். "அம்மா, நாங்க நடக்கப் போறோம். ஆஸ்பத்திரி தொறக்கப் போகல" என்றாள். சிரிக்கட்டும். பிள்ளைகளுக்கு மருந்துப் பெட்டி என்றால் அதற்குள் மருந்து இருக்கும் என்ற நம்பிக்கை. எனக்கும் பதினொரு வயது வரை இருந்தது.

மலைக்குப் போகும் யோசனை மாமாவுடையது. பேராதனையில் படித்துவிட்டு கண்டியில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. லீவு விட்டால் ஏதாவதொரு மலையில் இருப்பார். எங்களையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் கேட்பதும் அப்பா மறுப்பதும் இரண்டு வருடங்களாக நடந்தன. அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். மறுப்பையும் அலுவலகக் கடிதம் போல ஒரே நடையில் சொல்வார். மழை வரும், பாம்பு இருக்கும், பஸ் கிடைக்காது. அக்காவும் நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாமா எங்களிடம், "ஒங்க அப்பா கண்டிக் கொளத்தச் சுத்தி நடக்கிறதுக்கே ரெண்டு நாள் லீவு எழுதிக் குடுப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்துவிட்டாள். அதுதான் அப்பாவை அசைத்திருக்க வேண்டும். போகலாம், ஆனால் தானும் வருவதாகச் சொன்னார். இன்னொரு நிபந்தனையும் போட்டார். மருந்துப் பெட்டியை அவர்தான் சுமப்பார்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று மாமா ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தார். அதைச் சேகரித்து அடுக்கும் பொறுப்பு எனக்கு. அந்தத் தவணைதான் பாடசாலையில் எங்களுக்கு முதலுதவி சொல்லித் தந்திருந்தார்கள். வகுப்பில் எல்லோருடைய கையையும் தலையையும் கட்டிப் பார்த்துவிட்டு, இனி உண்மையான காயம் ஒன்று கிடைக்காதா என்று காத்திருந்தவள் நான்.

வெளிநாட்டு பிஸ்கட் வந்த ஒரு சதுர டின்னை அம்மா தந்தாள். இடப்பக்கம் பஞ்சுப் பொட்டலம். அதன் பக்கத்தில் இரண்டு உருள் கட்டுத்துணி. நடுவில் டிஞ்சர் போத்தல், உடையாமலிருக்க என் பழைய காலுறைக்குள். காயத்தில் தூவும் வெள்ளைத் தூள் ஒரு மடிப்பில். காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை. பிளாஸ்டர், ஊசிகள், அம்மாவின் தையல் கத்தரிக்கோல். சிறிய டோர்ச், அதற்கு மாற்றுப் பற்றரி இரண்டு. அட்டைகள் ஏறாமல் காலில் பூச, சவர்க்காரத் துண்டும் பிலிம் ரோல் டப்பா நிறைய உப்பும். மூடியின் மேல் சிவப்புத் தாளில் சிலுவை வெட்டி ஒட்டினேன். அன்று மாலை அலுவலகத்திலிருந்து வந்த அப்பா திறந்து பார்த்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இது எதற்கு, இது எத்தனை என்று கேட்டார். நான் சொன்னேன். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தார். "நல்லா அடுக்கியிருக்க" என்றார். அப்பா எதையும் அப்படிச் சுலபமாகப் பாராட்டுகிறவரல்ல. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் விடியுமுன் நாங்கள் எழுந்தபோது அப்பா குளித்து உடுத்தித் தயாராக இருந்தார். டின் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டப்பட்டிருந்தது. முடிச்சுக்கு மேல் முடிச்சு. கண்டி குட்செட் பஸ் நிலையத்திலிருந்து மலையடிவாரத்து ஹுன்னஸ்கிரிய வரை அவர் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அது சண்டைக் காலம். சண்டை நடந்தது வடக்கிலும் கிழக்கிலும்தான். ஆனால் கண்டியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வழியில் ஓரிடத்தில் இறங்கி, சோதனைச் சாவடியைக் கடந்து, மறுபக்கம் போய் ஏற வேண்டும். எங்களுக்கு அது பழக்கம். மழைக்கு ஒதுங்குவது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெல்தெனியவுக்குக் கொஞ்சம் முன்னால் அன்றும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. அக்காவும் நானும் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் சோற்றுப் பொதியையும் தேத்தண்ணிப் பிளாஸ்க்கையும் காட்டிவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தோம். மாமா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அப்பா டின்னின் கயிற்றை மறுபடி முடிந்துகொண்டு கடைசியாக வந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாகக் கடலை வாங்கித் தந்தார். பிரயாணத்தில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

பஸ் புறப்பட்டதும் மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பி, "அத்தான், அட்டைக்கு மறக்காம வெச்சிருக்கீங்கதானே?" என்று கேட்டார்.

"அட்டை இல்லாம நான் வீட்டு வாசல் எறங்குவேனா மச்சான்" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். உப்பு டப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ஓடை வரைக்கும் பாதை காய்ந்த வண்டிப்பாதை. அட்டை ஓடைக்கு அப்புறம்தான் தொடங்கும், அங்கே போய் உப்புப் பூசிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னதால் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை. பதினொன்று பத்துக்கு வந்தது.

அக்காவை ஒரு தட்டைப் பாறையில் கிடத்திவிட்டு, மாமா இரண்டு கையாலும் காயத்தை அழுத்திக்கொண்டு, "பெட்டி" என்றார். அப்பா பையிலிருந்து டின்னை எடுத்தார். எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் அவரிடமிருந்து வாங்கி முடிச்சுகளோடு போராடினேன். கடைசியில் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். பஞ்சு இடப்பக்கம் இருக்கிறது, முதலில் பஞ்சு, பிறகு கட்டுத்துணி என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தேன்.

உள்ளே காகிதங்கள் இருந்தன.

பொலித்தீன் உறை இரண்டு சுற்று. அதற்குள் தடித்த கோப்பு மட்டைக்கு நடுவே அப்பாவின் அடையாள அட்டை. முந்தின நாள் மாமாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த அவருடைய அட்டையின் பிரதி. அக்காவின் பிறப்புச் சான்றிதழ், என்னுடையது, இரண்டின் சிங்கள மொழிபெயர்ப்பும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தாத்தாவுக்கு எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ். அப்பாவின் நியமனக் கடிதம். வீட்டு லைட் பில். நாங்கள் நால்வரும் இயற்கைக் காட்சி பார்க்கப் போவதாகக் கிராம சேவகர் முத்திரை குத்திக் கொடுத்த கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில், சிங்களக் கையெழுத்துப் போட்டியில் நான் பரிசு வாங்கிய சான்றிதழ்.

பஞ்சு இல்லை. ஒன்றுமே இல்லை.

"மருந்து எங்க அத்தான்?" என்று மாமா கேட்டார். அவர் குரல் ஏறவில்லை.

"அலுமாரியில."

"எந்த அலுமாரியில?"

"வீட்டு அலுமாரியில. கீழ் லாச்சியில பத்திரமா இருக்கு." சற்று நிறுத்தி, "பஸ்ஸுல அட்டை கேட்டீங்களே மச்சான், அது இருக்கு" என்றார்.

"நான் கேட்டது ரத்தம் குடிக்கிற அட்டைய" என்றார் மாமா.

அக்கா விழுந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். பாசி இருந்தால் வழுக்கும். இதை எப்படி மன்னிப்பது? அவர் தவறிப்போய்ப் பெட்டியை மாற்றி எடுத்து வரவில்லை. நான் அடுக்கியதை விடியற்காலையில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அந்த இடத்தில் ஒவ்வொன்றாகக் காகிதம் வைத்திருக்கிறார். நல்லா அடுக்கியிருக்க என்று சொன்ன அதே மனிதர்.

அப்பா மாமாவிடம் தாழ்ந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். பேச்சில் அலுவலக நடை இல்லை. சொற்கள் முட்டிக்கொண்டு வந்தன. கத்தரிக்கோலை முதலில் எடுத்தாராம். கூரான பொருள், கேள்வி வரும். பிறகு பற்றரி, குண்டுக்கு என்பார்கள். பிறகு அந்த வெள்ளைத் தூள், அது என்ன தூள் என்று எப்படி நிரூபிப்பது? மாத்திரையும் அப்படித்தான். கடைசியில் பஞ்சும் கட்டுத்துணியும் மட்டும் மிஞ்சின. அவற்றையாவது வைத்துவிடலாம் என்று நினைத்து, வைத்து, மறுபடி எடுத்தாராம்.

"ரெண்டு உருள் கட்டுத்துணியோட தமிழன் ஒருத்தன் காட்டுக்குள்ள போறான்னா, யாருக்குக் கட்டப் போறன்னு கேப்பாங்க" என்றார்.

"அக்காவுக்குன்னு சொல்றது" என்றேன் நான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு எளிமையான பதில் இவர்களுக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அதற்கு முந்தின வருடம் ஒரு நாள் அப்பா வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அலுவலகத்தில் வேலை அதிகம், அங்கேயே தங்கிவிட்டார் என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். வரும்போது ரேடியோவுக்குப் பற்றரி வாங்கி வருவதாகச் சொல்லிப் போயிருந்தார். வாங்கினீர்களா என்று நான் கேட்டதற்கு அம்மா என்னை அதட்டி உள்ளே அனுப்பினாள். அதன் பிறகு எங்கள் வீட்டு ரேடியோ பாடவில்லை. இதையெல்லாம் நான் ஓடைக்கரையில் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கும் வயதும் அல்ல.

அப்பா சட்டையைக் கழற்றிக் கிழிக்கப் பார்த்தார். நல்ல நைலோன் கலந்த சட்டை, தீபாவளிக்கு எடுத்தது. கிழியவில்லை. கத்தரிக்கோல் இருந்தால் கிழிந்திருக்கும் என்று நான் சொன்னேன். மாமா தன் பருத்திப் பெனியனைக் கழற்றி மடித்துக் காயத்தில் வைத்தார். அதன் மேல் அப்பாவின் சட்டைக் கைகளை இழுத்து முடிந்தார். கணுக்காலும் வீங்கத் தொடங்கியிருந்தது. கால் ஆடாமலிருக்க விறைப்பாக ஏதாவது வைத்துக் கட்ட வேண்டும். மாமா சுற்றிலும் பார்த்துவிட்டு, "அந்தக் கோப்பு மட்டையக் குடுங்க. காலுக்கு அடியில வெச்சுக் கட்டலாம்" என்றார்.

அப்பா காகிதக் கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "ரத்தம் பட்டுரும்" என்றார்.

என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அக்கா பாறையில் கிடந்தாள். அவளா, இரண்டு தாள் காகிதமா என்று வந்தபோது அப்பா காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். மாமா எழுந்து போய் இரண்டு காய்ந்த கொம்புகளை ஒடித்து வந்து வைத்துக் கட்டினார். அறுந்த சணல் கயிறு அதற்குத்தான் உதவியது.

கீழே ஏலக்காய்க் காட்டில் ஆட்கள் தங்கும் வாடி ஒன்றைக் கடந்து வந்திருந்தோம். உதவிக்கு ஆள் கூட்டி வர மாமா புறப்பட்டார். இரண்டடி போனவரை அப்பா கூப்பிட்டு நிறுத்தி, உங்கள் அட்டை கையில் இருக்கிறதா என்று கேட்டார். மாமா காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இருக்கிறது என்றார். அப்பா கிராம சேவகரின் கடிதத்தையும் உருவிக் கொடுத்தார். இதற்கு மாமா கத்தப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு படித்தவர், இவரும் காகிதத்தை வாங்கிக்கொண்டு போகிறாரே.

அப்புறம் நாங்கள் மூவரும் காத்திருந்தோம். இரத்தத்தின் வாடைக்கு அட்டைகள் வந்தன. இலையின் நுனியில் எழுந்து நின்று தலையை ஆட்டி, பாறைக்கு ஏறி வந்தன. உப்பு இல்லை, சவர்க்காரம் இல்லை. அப்பா ஒவ்வொன்றாக விரலால் பிடுங்கி எறிந்தார். எறிந்தது விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் பெனியன் கட்டை அழுத்திக்கொண்டு மறு கையால் பிடுங்கினார். அவர் முதுகில் நான்கைந்து ஏறியிருந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு உதடு வெளுத்துவிட்டது. வெயிலிலும் குளிர்கிறது என்றாள். தேத்தண்ணியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவள் கண் சொருகும்போதெல்லாம் அப்பா பஸ் நிலையங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். கண்டி, தென்னக்கும்புற, கெங்கல்ல, திகன, தெல்தெனிய. ஹுன்னஸ்கிரிய வந்ததும் திரும்பவும் கண்டிக்குப் போகச் சொன்னார். மூன்றாவது தடவை அவள் திகனயோடு நின்றுவிட்டாள். "அடுத்தது என்னம்மா? சொல்லு" என்று அப்பா அவள் கன்னத்தைத் தட்டினார். அவர் குரல் அழுவது போல இருந்தது. அடுத்தது எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. பிறகு அக்கா கண்ணைத் திறக்காமல், "செக் பொயின்ட்" என்றாள்.

அந்த நேரம் முழுவதும் நான் அப்பாவிடம் பேசியதை எழுத இப்போது கை கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன். அக்காவின் காலை வெட்டி எடுத்தால் அதற்கு நீங்கள்தான் காரணம் என்றேன். உங்களுக்குக் காகிதம்தான் பெரிது என்றேன். அவர் ஒரு தடவைகூட என்னை அதட்டவில்லை. இத்தனைக்கும் சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்துச் சத்தம் போட்டாலே அதட்டுகிறவர். பதில் சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் பேசாமலிருக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

பிற்பகல் இரண்டரை இருக்கும், கீழே குரல்கள் கேட்டன. முதலில் வந்தவர் ஏலக்காய்த் தோட்டத்து ஆள் ஒருவர், தோளில் ஒரு சாக்கும் கையில் இரண்டு மூங்கிலும். அவருக்குப் பின்னால் மாமா. மாமாவுக்குப் பின்னால் இரண்டு ஆமிக்காரர்கள். எதிர் மலையிலிருந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்குக் காவல் இருந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. வாடிக்கு ஏதோ வாங்க வந்தவர்கள் மாமா சொன்னதைக் கேட்டு உடனே புறப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் இளையவர். மற்றவருக்கு அப்பாவின் வயது இருக்கும்.

அப்பா எழுந்து நின்றார். மேலில் சட்டை இல்லை, இரண்டு கையிலும் முழங்கை வரை அக்காவின் இரத்தம். அந்தக் கையோடு பொலித்தீன் கட்டை எடுத்து முன்னால் நீட்டினார். சிங்களத்தில் தன் பெயரைச் சொன்னார், அலுவலகத்தைச் சொன்னார், பதவியைச் சொன்னார். எத்தனை வருடச் சேவை என்று சொன்னார். மகளின் காலில் காயம் என்பதை எல்லாவற்றுக்கும் பிறகு சொன்னார். நான் வெட்கத்தால் செத்துக்கொண்டிருந்தேன்.

மூத்தவர் அந்தக் கட்டைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, துப்பாக்கியை இளையவரிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் பக்கத்தில் முழந்தாளிட்டார். தொடைப் பையிலிருந்து ஒரு காக்கிப் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்தார். உள்ளே கனமான வெள்ளைப் பஞ்சு மெத்தை, இரண்டு பக்கமும் நீளமான கட்டுத்துணி. பெனியனை எடுத்துவிட்டு அதை வைத்துச் சுற்றினார். கீழிருந்து மேலே, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடிக்கொண்டு. எங்களுக்குப் பாடசாலையில் சொல்லித் தந்தபடியே. கட்டி முடித்ததும் அக்காவின் கால் விரல் நகத்தை அழுத்தி, நிறம் திரும்பி வருகிறதா என்று பார்த்தார். உலகத்திலேயே அவரைப் போல ஓர் ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் எழுந்து அப்பாவைப் பார்த்தார். எங்கள் தெருவில் எல்லோரும் சிங்களம் பேசுவதால், மாத்தயா என்று அப்பாவுக்கு ஐயா போட்டு அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"மாத்தயாவப் பாத்தா படிச்ச மனுசன் மாதிரி இருக்கு. எனக்கும் இந்த வயசுல மகள் ஒன்னு இருக்கு. பிள்ளைகளக் காட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றீங்க, கையில ஒரு துண்டு பஞ்சு இல்ல. இது என்ன தகப்பன் வேல? ஏன் கொண்டு வரல்ல?"

அவர் சும்மா திட்டுவதற்காகக் கேட்கவில்லை. பதிலுக்காக நின்றார். மாமா ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன் சேர்" என்றார் அப்பா.

என்னால் பொறுக்க முடியவில்லை. காலையிலிருந்து இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் பொய் வேறு. அதுவும் அக்காவைக் காப்பாற்றிய மனிதரிடம். எனக்குப் பரிசு வாங்கித் தந்த அழகான சிங்களத்தில், அவர் மறக்கவில்லை என்று சொன்னேன். நான் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தேன், பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், எல்லாம். இவர்தான் வேண்டுமென்றே எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார். வழியில் நீங்கள் கேட்பீர்களாம், அதற்காக.

மாமாவின் கை என் தோளில் வந்து இறுகியது. வலித்தது. சாக்கில் மூங்கிலைச் செருகிக்கொண்டிருந்தவர் செருகுவதை நிறுத்தினார். இளைய ஆமிக்காரர் மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் அப்பாவைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கட்டை முதல் தடவையாகப் பார்த்தார். அப்பா அதை இன்னும் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டுதான் நின்றார்.

மூத்தவர் தொடைப் பையின் பொத்தானைப் போட ஆரம்பித்தார். ஒரு பொத்தானைப் போட இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். இனி அப்பாவுக்கு நன்றாகக் கிடைக்கும் என்றும் நினைத்தேன். போட்டு முடித்ததும் அவர் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, சொந்தத் தங்கையிடம் பேசுவது போல என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரம் என் பக்கம் நின்றவர், தானும் அந்தப் பொய்க்குள் போய்ச் சேர்ந்துகொண்டார்.

"இல்ல நங்கி" என்றார். "அப்பா மறந்துதான் போயிட்டாரு."